மாநாட்டுக்கு அனுப்பும் பேப்பர்: கேளுங்கள், பதில் சொல்கிறோம்

ஆய்வு மாணவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆய்வைப் பற்றியே இல்லை, ஆய்வை முடித்த பிறகு அதை மாநாட்டுக்கு அனுப்பும் வடிவத்துக்குக் கொண்டுவருவதில் படுகிற பாட்டைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: வேர்டில் 14 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன் சார். மாநாட்டுக்காரர்கள் இரட்டைப் பத்தி (பக்கத்தில் எழுத்து இரண்டு பட்டையாக), 6 பக்கத்துக்குள் என்கிறார்கள். விஷயத்தையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஃபார்மேட் வேலையைக் கடைசி இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாமா? (முதலாம் ஆண்டு ஆய்வு மாணவர்)

வேண்டாம். இன்றைக்கே அந்த மாநாட்டின் இணையப் பக்கத்திலிருந்து, இந்த ஆண்டுக்கான டெம்ப்ளேட்டை, அதாவது வடிவமெல்லாம் முன்பே அமைத்த ஃபைலை, இறக்கி, எழுதியதையெல்லாம் அதற்குள் கொண்டுபோய்ப் போடுங்கள். சீனியர் கொடுத்த பழைய ஃபைலை எடுக்காதீர்கள், பக்க வரம்பும் விதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். முதலில் ஒரு ஆறுதல்: 12 பாயின்ட் எழுத்தில் ஒன்றரை வரி இடைவெளி விட்டு 14 பக்கம் என்றால், ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் டெம்ப்ளேட்டில் உள்ள 10 பாயின்ட் எழுத்தில் நெருக்கமாக அமைத்த உடனேயே அது ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிடும். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வெட்ட வேண்டியிருக்காது.

ஆனால் கடைசி நாளுக்கு ஏன் தள்ளக்கூடாது என்றால், பக்கத்தின் அகலம் மாறும்போது எழுத்து மட்டும் நகர்வதில்லை. ஒரே வரியில் அழகாக நின்ற சமன்பாடு பாதிப் பத்தி அகலத்துக்குள் அடங்காமல் இரண்டாக உடையும். எட்டு நிரல் உள்ள அட்டவணை அடுத்த பத்திமேல் ஏறி உட்காரும். அதை எப்படி உடைப்பது, எந்த நிரலைத் தூக்குவது என்பதெல்லாம் ஃபார்மேட் வேலை இல்லை, எது முக்கியம் என்று தீர்மானிக்கிற வேலை, அதை இரவு பதினொரு மணிக்குச் செய்தால் தப்பாகத்தான் முடியும். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் கணக்கு வேறு. ஐஇஇஇ மாநாடுகளில் இரட்டைப் பத்தி. ஸ்ப்ரிங்கரின் கணினி அறிவியல் தொகுப்பு வரிசையான எல்என்சிஎஸ்ஸில் ஒற்றைப் பத்தி, எழுத்து நிற்கும் பரப்பு வெறும் 12.2 செ.மீ. அகலம், 19.3 செ.மீ. உயரம். ஒன்றில் 6 பக்கத்துக்கு வந்தது இன்னொன்றில் 11, 12 பக்கம் ஓடலாம். தாள் அளவையும் பாருங்கள். ஏ4 தாள் 210 × 297 மி.மீ., அமெரிக்க லெட்டர் தாள் 216 × 279 மி.மீ. இரண்டுக்கும் தனித்தனி டெம்ப்ளேட் இருக்கும், எது என்று மாநாட்டு அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. இடம் போதவில்லை என்றால் மார்ஜினைக் குறைப்பது, வரி இடைவெளியை இறுக்குவது, தலைப்புக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தைச் சத்தமில்லாமல் சாப்பிடுவது, இதில் எதையும் செய்யாதீர்கள். வருடத்துக்கு நூறு பேப்பர் பார்க்கிற ஆளுக்கு அது பார்த்தவுடனே தெரியும். பெரிய மாநாடுகள் பலவற்றில் இதற்காகவே, பேப்பரைப் படித்து மதிப்பிடும் நடுவர்களுக்கு அனுப்பாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். வெட்டுவதென்றால் எங்கே வெட்டுவது? முன்னுரையின் முதல் பாராவில் தொடங்குங்கள். "இன்றைய உலகில் செயற்கை நுண்ணறிவு மிக வேகமாக வளர்ந்து வருகிறது" என்று தொடங்கும் பாரா யாருக்கும் எதையும் சொல்வதில்லை, அப்படியே தூக்கலாம். அடுத்து, அட்டவணையில் இருக்கும் எண்களைத் திரும்ப வாக்கியமாக ஒப்பிக்கும் பாராக்கள். அதற்கும் அடுத்து, "இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்று ஆளுக்கு ஒரு வரி கொடுத்திருக்கும் முந்தைய ஆய்வுகள் பகுதி. உங்கள் வேலையோடு நேரடியாக மோதுகிற நான்கைந்து ஆய்வுகளை நன்றாகப் பேசிவிட்டு, மற்றவற்றை ஒரே வாக்கியத்தில் எண் போட்டுச் சேர்த்துவிடுங்கள். செய்முறையில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்கள் வேலையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க உதவுவது அந்தப் பகுதி ஒன்றுதான்.

கேள்வி: லேடெக் கற்றுக்கொண்டே ஆகவேண்டுமா? வேர்டே போதாதா?

லேடெக் என்பது கட்டளைகளாக எழுதிப் பக்கத்தை அமைக்கும் மென்பொருள். சமன்பாடுகள் நிறைய இருந்தால், மேற்கோள்கள் முப்பதைத் தாண்டினால், இனி வரும் வருடங்களிலும் பேப்பர் எழுதப்போகிறீர்கள் என்றால், கற்றுக்கொள்ளுங்கள். கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1970களின் கடைசியில் டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளை உருவாக்கியதே, தன் புத்தகத்தில் கணிதம் அச்சாகி வந்த லட்சணம் பிடிக்காமல்தான். லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் லேடெக்கைக் கட்டினார். இன்றும் சமன்பாட்டுக்கு அதை மிஞ்சியது கிடையாது. ஓவர்லீஃப் என்ற இணையதளம் வந்த பிறகு எதையும் நிறுவக்கூட வேண்டாம், பிரவுசரிலேயே வேலை முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் வழிகாட்டியும் கூட எழுதுகிறவர்களும் வேர்டில்தான் திருத்துவார்கள் என்றால், மாநாடும் வேர்ட் டெம்ப்ளேட் கொடுக்கிறது என்றால், வேர்டிலேயே எழுதுங்கள், தப்பே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும்: டெம்ப்ளேட்டில் உள்ள ஸ்டைல்களைப் பயன்படுத்துங்கள். தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கையால் போல்டாக்கி, அளவு மாற்றி, நடுவில் நிறுத்தினால் பார்க்கச் சரியாக இருக்கும், அப்புறம் மேலே ஒரு பாரா சேர்த்ததும் எல்லாம் குலையும். வேறு ஃபைலிலிருந்து ஒட்டும்போது "எழுத்தை மட்டும் ஒட்டு" என்ற தேர்வில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய ஃபைலின் ஸ்டைல்கள் எல்லாம் கூடவே குடியேறும். ஐஇஇஇ டெம்ப்ளேட்டின் கடைசியில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும், டெம்ப்ளேட்டின் மாதிரி வாசகங்களை நீக்காவிட்டால் பேப்பர் வெளியாகாமல் போகலாம் என்று. அந்தச் சிவப்பு வரியையும் சேர்த்தே அழிக்க வேண்டும். அதை அப்படியே விட்டு அனுப்புகிறவர்கள் உண்டு.

கேள்வி: என் கிராஃப் எல்லாம் லேப்டாப்பில் தெளிவாக இருக்கின்றன, பேப்பரில் போட்டால் எழுத்தே தெரியவில்லை. நடுவர் ஒருவர் "படங்களைப் படிக்க முடியவில்லை" என்று ஒரே வரி எழுதி மதிப்பெண் குறைத்துவிட்டார். என்ன செய்வது? (ஆய்வு மாணவி, மின்னணுவியல்)

அந்த நடுவர்மேல் கோபப்படாதீர்கள். நடுவர்கள் நிறையப் பேர் பேப்பரின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராகப் படங்களுக்குத்தான் போவார்கள், படத்தில் விஷயம் பிடிபட்டால்தான் முழுதாகப் படிக்கவே தோன்றும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஆய்வு வீணாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்கள் பிரச்சினை அளவுப் பிரச்சினை. கிராஃபை 10 அங்குல அகலத்தில் வரைந்திருப்பீர்கள், அதில் எழுத்து 12 பாயின்ட். ஐஇஇஇ பக்கத்தில் ஒரு பத்தியின் அகலம் சுமார் 3.5 அங்குலம். அதற்குள் படத்தைச் சுருக்கும்போது எழுத்தும் கூடவே சுருங்கி 4.2 பாயின்ட் ஆகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில்கூட எழுத்து அதைவிடப் பெரிது. வழி எளிது: முதலிலேயே படத்தின் அகலத்தை 3.5 அங்குலம் என்று வைத்து, எழுத்தை 8 பாயின்ட் என்று வைத்து வரையுங்கள். பைத்தான் நிரல்மொழியில் கிராஃப் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பில் படத்தின் அளவைக் கொடுக்கும் இடத்தில் இந்த எண்களைப் போட்டால் போதும். பேப்பருக்குள் சேர்க்கும்போது சுருக்கவோ இழுக்கவோ கூடாது, நூற்றுக்கு நூறு அளவிலேயே உட்கார வேண்டும். அப்படி வரையும்போது இன்னொரு நன்மையும் நடக்கும். ஒரே படத்தில் ஒன்பது கோடு திணித்தது எவ்வளவு நெரிசல் என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்து, நீங்களே நான்காகக் குறைப்பீர்கள்.

கோடுகளும் எழுத்தும் உள்ள படத்தை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள், கோட்டின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். வெக்டாராக, அதாவது பிடிஎஃப் அல்லது இபிஎஸ் ஆகச் சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. நுண்ணோக்கிப் படம், புகைப்படம் என்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், 3.5 அங்குலத்துக்கு 1,050 பிக்சல் அகலம். எண்ணிக் கொள்ளுங்கள், திரையிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் ஒரு மூலையை வெட்டி ஒட்டினால் அதில் பாதிகூட இருக்காது. மென்பொருளின் ஜன்னலோடு, மெனுவோடு, கீழே மணி காட்டும் பட்டையோடு சேர்த்து ஒட்டுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், தரவை வெளியே எடுத்துத் திரும்ப வரையுங்கள்.

நிறத்துக்கு வருவோம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்கு நிறக்குறைபாடு உண்டு, பெரும்பாலும் சிவப்பு-பச்சை குழப்பம். உங்கள் மூன்று நடுவர்களில் ஒருவர் அவராக இருக்கலாம். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் போட்டு "சிவப்பு எங்கள் முறை" என்றால் அவருக்கு உங்கள் முடிவே இல்லை. நிறத்தோடு கோட்டின் வடிவத்தையும் மாற்றுங்கள்: ஒன்று முழுக்கோடு, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்றில் வட்டக்குறி. வெப்பப்படம் போன்றவற்றில் வானவில் நிறவரிசையைத் தவிர்த்துவிடுங்கள். தரவில் இல்லாத எல்லைகளை அது கண்ணுக்குக் காட்டும். மேட்பிளாட்லிப்பே 2017இல் வந்த 2.0 பதிப்பில் பழைய "ஜெட்" நிறவரிசையை ஒதுக்கிவிட்டு "விரிடிஸ்" என்பதை இயல்பாக வைத்துக்கொண்டது. ஒருமுறை கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பாருங்கள், அதிலும் புரிந்தால் சரி.

அப்புறம் படக்குறிப்பு. "வெப்பநிலைக்கும் மின்தடைக்கும் உள்ள தொடர்பு" என்று அச்சில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத் திரும்ப எழுதாதீர்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்: "60 டிகிரிக்கு மேல் மின்தடை திடீரெனக் குறைகிறது, ஒவ்வொரு புள்ளியும் ஐந்து அளவீடுகளின் சராசரி, செங்குத்துக் கோடுகள் திட்ட விலக்கம்." பிழைக்கோடு போட்டுவிட்டு அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, நம்பக இடைவெளியா என்று சொல்லாமல் விடுவது மிகப் பரவலான குறை, நல்ல நடுவர் அதைக் கண்டிப்பாகக் கேட்பார். அச்சுகளில் அலகு இருக்க வேண்டும். ஐஇஇஇயிலும் எல்என்சிஎஸ்ஸிலும் படத்துக்குக் குறிப்பு கீழே, அட்டவணைக்குத் தலைப்பு மேலே.

கேள்வி: சுருக்கம் எழுதத் தெரியவில்லை. எப்படி எழுதினாலும் முன்னுரை மாதிரியே வருகிறது.

கடைசியில் எழுதுங்கள், அதில் எண் இருக்கட்டும். ஓர் உதாரணம் பார்ப்போம், நானே கற்பனையாக வைத்துக்கொண்டது. "இந்த ஆய்வில் மண் ஈரப்பதத்தை அளக்க ஒரு புதிய, திறன்மிக்க முறை முன்வைக்கப்படுகிறது. முடிவுகள் பழைய முறைகளைவிடச் சிறப்பாக உள்ளன." இதைப் படித்தவருக்கு என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. இதையே இப்படி மாற்றுங்கள்: "மலிவான ஈரப்பத உணரிகள் உப்பு கலந்த மண்ணில் தவறான அளவு காட்டுகின்றன. இரண்டு அதிர்வெண்களில் அளந்து உப்பின் விளைவைக் கழிக்கும் முறையைச் சொல்கிறோம். 40 மண் மாதிரிகளில் சராசரிப் பிழை 9 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. களிமண்ணில் இந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை." பிரச்சினை, செய்தது, கிடைத்தது, எல்லை, நான்கு வாக்கியம். அந்தக் கடைசி வாக்கியத்தைப் போடத் தயங்காதீர்கள், எங்கே வேலை செய்யாது என்று தானே சொல்கிறவரின் எண்களை நடுவர் கூடுதலாக நம்புவார். சுருக்கத்தில் மேற்கோள் எண் வேண்டாம், சுருக்கக் குறியீடுகளும் வேண்டாம், ஏனென்றால் தேடுதளங்களில் அது பேப்பரிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும்.

கேள்வி: "டபுள் பிளைண்ட்" என்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டேன், போதும்தானே?

போதாது. நடுவர் யார் என்று உங்களுக்கும், நீங்கள் யார் என்று நடுவருக்கும் தெரியக்கூடாது, அதுதான் விஷயம், பெயர் எத்தனையோ வழியில் கசியும். பிடிஎஃப் ஃபைலின் பண்புகளைத் திறந்து பாருங்கள், "ஆசிரியர்" என்ற இடத்தில் உங்கள் கணினியில் பதிந்த பெயர் உட்கார்ந்திருக்கும். வேர்ட் ஃபைல் கேட்டால் டிராக் சேஞ்சஸில் வழிகாட்டியின் பெயரோடு திருத்தங்கள் இருக்கும். நன்றியுரையை, நிதி உதவி எண்ணை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், ஏற்கப்பட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நிரலைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தின் முகவரியில் உங்கள் பெயர் இருக்கும், அதை அநாமதேயமாக்கித் தரும் சேவைகள் இருக்கின்றன, அல்லது நிரலைத் துணைக்கோப்பாகச் சேர்த்து அனுப்பலாம், ஆனால் அதற்குள் இருக்கும் கமென்ட் வரிகளையும் ஃபோல்டர் பெயர்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். படத்தில் ஆய்வகத்தின் பெயர்ப்பலகை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

சொந்தப் பேப்பரை மேற்கோள் காட்டுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "நாங்கள் முன்பு [7]இல் காட்டியதுபோல" என்று எழுதினால் குட்டு உடைந்தது. அதற்காக அந்த மேற்கோளையே நீக்கிவிடுவதும் சரியில்லை, முந்தைய வேலையை மறைத்தது மாதிரி ஆகும். மூன்றாம் மனிதர் போல "[7]இல் காட்டப்பட்டதுபோல" என்று எழுதுங்கள், அவ்வளவுதான். ஆர்க்கைவ் என்ற திறந்த தளத்தில் முன்னச்சாக, அதாவது வெளியாகும் முன்பே, போடலாமா என்பதற்கு மாநாட்டுக்கு மாநாடு விதி வேறு. மாநாட்டு விதிகளில் அந்தப் பகுதியைப் படிக்காமல் பதிவேற்றாதீர்கள்.

கேள்வி: மேற்கோள் பட்டியலை கூகுள் ஸ்காலரிலிருந்து அப்படியே எடுத்துப் போடலாமா? ஏஐ கருவியைக் கேட்டால் இன்னும் வேகமாகத் தருகிறதே? (ஒரு முதுநிலை மாணவி)

ஸ்காலரிலிருந்து எடுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். மாநாட்டின் பெயர் பாதியில் வெட்டியிருக்கும், பக்க எண் இருக்காது, ஏற்கெனவே இதழில் வெளிவந்துவிட்ட பேப்பருக்கு ஆர்க்கைவ் முன்னச்சைக் காட்டும். முடிந்தால் பதிப்பகத்தின் பக்கத்திலிருந்தோ ஒவ்வொரு பேப்பருக்கும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை வைத்தோ எடுப்பது நல்லது. லேடெக்கில் மேற்கோள் பட்டியலை அமைக்கும் பிப்டெக்கில் ஒரு பொறி உண்டு: பல பாணிகள் தலைப்பில் முதலெழுத்தைத் தவிர மற்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்தாக மாற்றிவிடும். டிஎன்ஏ என்ற மூன்று பெரிய எழுத்தும் சின்னதாகி, பார்க்கவே விநோதமாக நிற்கும். அப்படிப்பட்ட சொற்களைச் சுற்றி நெளிவு அடைப்புக்குறி போட்டால் தொடாது.

ஏஐ கருவி தருகிற மேற்கோளை, அந்தப் பேப்பரை நீங்களே திறந்து பார்க்காமல் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. உண்மையான ஆட்களின் பெயர், நம்பும்படியான தலைப்பு, பெயர் தெரிந்த இதழ், எல்லாம் இருக்கும், அப்படி ஒரு பேப்பர் மட்டும் உலகத்தில் இருக்காது. இல்லாத பேப்பரை மேற்கோள் காட்டியது தெரிந்தால், மீதி நீங்கள் சொன்ன எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். கூடவே, மேற்கோள் காட்டுகிற பேப்பர், தவறு தெரிந்து பதிப்பகத்தால் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச்சின் அத்தகைய பேப்பர்களின் தரவுத்தளத்தை 2023இல் டிஓஐ எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஸொட்டேரோ மென்பொருளைப் பயன்படுத்தினால் அதுவே சிவப்பில் எச்சரிக்கும்.

கேள்வி: பேப்பரில் தமிழ் எடுத்துக்காட்டுகள் தர வேண்டும். ஓவர்லீஃபில் தமிழ் வரவே மாட்டேன் என்கிறது.

லேடெக்கை பிடிஎஃப் ஆக்கும் வழக்கமான கம்பைலரான பிடிஎஃப்லேடெக்கை விட்டு எக்ஸ்இலேடெக் அல்லது லுவாலேடெக்குக்கு மாறுங்கள். ஓவர்லீஃபின் மெனுவில் கம்பைலர் என்ற இடத்தில் ஒரு கிளிக். பிறகு நோட்டோ செரிஃப் டமில் போன்ற யூனிகோட் எழுத்துருவைக் குறிப்பிட்டு, அந்தக் கட்டளையிலேயே எழுத்துமுறை தமிழ் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் "கொ" என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், தமிழ் தெரியாத நடுவருக்கு அது தெரியாது, படிக்கிற நமக்கு வயிற்றெரிச்சல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுகளைப் படமாக ஒட்டாதீர்கள், அப்புறம் யாரும் தேடியோ நகலெடுத்தோ பயன்படுத்த முடியாது.

கேள்வி: கடைசி நாள் "ஏஓஇ" என்று போட்டிருக்கிறார்கள். அது எந்த நேரம்?

"பூமியில் எங்காவது அந்தத் தேதி இருக்கும் வரை" என்று பொருள், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை விட 12 மணி நேரம் பின்தங்கிய நேரம். 15ஆம் தேதி இரவு 11:59 ஏஓஇ என்றால், யுடிசிப்படி 16ஆம் தேதி பகல் 11:59. உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பிக் கடைசி மணிநேரம் வரை காத்திருக்க வேண்டாம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது தளம் திணறும். முதல் நாளே ஒரு பதிப்பை ஏற்றிவிடுங்கள், பேப்பரை ஏற்றும் தளங்களான ஈஸிசேர், சிஎம்டி, ஓப்பன்ரிவ்யூ மூன்றிலுமே கெடு முடியும்வரை புதிய பதிப்பை மாற்றி ஏற்ற வழி உண்டு. சுருக்கத்துக்குத் தனிக் கெடு ஒரு வாரம் முன்பே இருக்கும் மாநாடுகளும் உண்டு, அதைத் தவறவிட்டால் முழுப் பேப்பரை ஏற்றவே முடியாது.

கேள்வி: ஒரு மாநாட்டுக்கு அனுப்பி இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்துவிட்டது. கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். நண்பர்கள் சந்தேகப்படுகிறார்கள். (பெயர் வேண்டாம்)

நண்பர்கள் சொல்வது சரி. மூன்று பேர் படித்துக் கருத்து எழுதி, அதைத் தொகுத்து முடிவெடுக்க வாரக்கணக்கில் ஆகும். மெயிலில் நடுவர் கருத்துகள் இருக்கின்றனவா? "சிறந்த கட்டுரை, ஏற்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். 2005இல் எம்ஐடி மாணவர்கள் மூன்று பேர் சைஜென் என்று ஒரு நிரல் எழுதினார்கள், பொத்தானை அழுத்தினால் அர்த்தமே இல்லாத கணினி அறிவியல் பேப்பர் ஒன்றை, கிராஃபும் மேற்கோளும் சேர்த்து, உருவாக்கித் தரும். அப்படி உருவான ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. பின்னால் பிரெஞ்சு ஆய்வாளர் சிரில் லாபே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னதில், 2014இல் ஸ்ப்ரிங்கரும் ஐஇஇஇயும் 120க்கும் மேற்பட்ட போலிப் பேப்பர்களைத் தங்கள் தொகுப்புகளிலிருந்து நீக்க வேண்டி வந்தது. பெரிய பெயர் அட்டையில் இருந்தாலும் ஏமாற வாய்ப்புண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

பணம் கட்டும் முன்பு, நிகழ்ச்சிக் குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் இருவருக்கு மெயில் அனுப்பி, உண்மையிலேயே குழுவில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். முந்தைய ஆண்டுகளின் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஒரே மாநாட்டில் மருத்துவம், மேலாண்மை, இயந்திரவியல், இலக்கியம் என்று எல்லாம் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். உங்கள் ஆய்வு நல்ல ஆய்வாக இருந்தால் இன்னும் வருத்தம், ஏனென்றால் அங்கே வெளியானதை அப்புறம் நல்ல இடத்துக்கு அனுப்ப முடியாது. பணம் கட்டவில்லை, உரிமைப் படிவத்தில் கையெழுத்திடவில்லை என்றால் இன்றே எழுத்து மூலமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அந்த மெயிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: ஆய்வில் எதுவுமே செய்யாத ஒருவரின் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். மறுக்க முடியவில்லை.

உங்கள் நிலைமை புரிகிறது. மருத்துவ இதழ்களின் ஐசிஎம்ஜெஇ விதிகள் ஆசிரியர் என்பதற்கு நான்கு தகுதி வைக்கின்றன: ஆய்வில் உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பேப்பர் முழுவதற்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். நேராக "முடியாது" என்று சொல்ல முடியாத இடத்தில், "யார் என்ன செய்தார்கள் என்று பங்களிப்புக் குறிப்பு எழுதுகிறேன், உங்கள் வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்று அந்தத் தகுதிகளையும் கூடவே அனுப்புங்கள். பலர் தாங்களாகவே நன்றியுரைக்கு இறங்கிவிடுவார்கள்.

கேள்வி: பேப்பர் ஏற்கப்பட்டுவிட்டது! இறுதிப் பிடிஎஃப்பை ஏற்றினால் "எழுத்துரு உட்பொதியவில்லை" என்று திரும்பத் திரும்பத் தள்ளுகிறது. நாளை மறுநாள் கெடு.

வாழ்த்துகள். பயன்படுத்திய எழுத்துருக்கள் பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்ந்திருக்க வேண்டும், ஏதோ ஒன்று சேரவில்லை என்று அர்த்தம். பிடிஎஃப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்து, பண்புகளில் எழுத்துருக்கள் என்ற தாவலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "உட்பொதிந்தது" என்றோ "ஒரு பகுதி உட்பொதிந்தது" என்றோ இருக்க வேண்டும். எதற்கு இல்லையோ அதுதான் குற்றவாளி. அனேகமாக ஏரியல் அல்லது ஹெல்வெட்டிகாவாக இருக்கும், அது உங்கள் பேப்பரிலிருந்து வந்திருக்காது, உள்ளே சேர்த்த ஏதோ ஒரு கிராஃபின் பிடிஎஃப்பிலிருந்து வந்திருக்கும். படங்களை ஒவ்வொன்றாகத் தனியே திறந்து இதே தாவலைப் பார்த்தால் எது என்று பிடித்துவிடலாம், அந்தப் படத்தை மட்டும் எழுத்துருவோடு திரும்ப ஏற்றுமதி செய்யுங்கள். மேட்பிளாட்லிப்பில் வரைந்ததென்றால் இன்னொரு தொல்லை: அது இயல்பாக டைப் 3 எழுத்துருவைப் போடும், சில மாநாடுகள் அதை ஏற்பதில்லை. எழுத்துரு வகைக்கான அமைப்பில் 42 என்று மாற்றினால் ட்ரூடைப் ஆகிவிடும். வேர்டில் சேமிக்கிறீர்கள் என்றால், பிடிஎஃப்பாகச் சேமிக்கும் பெட்டியில் "ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் பிடிஎஃப்/ஏ என்ற தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்தால் எழுத்துருக்களையெல்லாம் உள்ளே சேர்த்துவிடும். பாஸ்வேர்டு, புக்மார்க் எதுவும் வேண்டாம்.

இந்த அவசரத்தில் நடுவர் கருத்துகளை மறந்துவிடாதீர்கள். ஏற்கப்பட்டுவிட்டதே என்று பலர் அவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உங்கள் பேப்பரைப் பணம் வாங்காமல் உட்கார்ந்து படித்த மூன்று பேர் எழுதியது அது. அவர்கள் "புரியவில்லை" என்று சொன்ன ஒவ்வோர் இடத்திலும், நீங்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும், எழுத்தைத் திருத்துங்கள். மாநாட்டுக்கு வருகிறவர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். டபுள் பிளைண்டுக்காக எடுத்த பெயர்கள், நன்றியுரை, நிதி உதவி எண், கிட்ஹப் முகவரி எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தீர்களா என்றும் பாருங்கள். பெயரின் எழுத்து முந்தைய பேப்பர்களில் உள்ளதுபோலவே இருக்கட்டும், முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் வந்தால் தேடுதளங்கள் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் எடுத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் தீரும், இலவசம்தான்.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார். சாட்ஜிபிடியைக் கொண்டு திருத்தினால் தப்பா?

நீங்கள் எழுதியதன் இலக்கணத்தைத் திருத்திக்கொள்வதைப் பெரும்பாலான மாநாடுகள் அனுமதிக்கின்றன. உள்ளடக்கத்தையே அது எழுதியிருந்தால் நன்றியுரையில் எந்தக் கருவி, எந்தப் பகுதி என்று சொல்ல வேண்டும் என்பது ஐஇஇஇ விதி. இலக்கணத் திருத்தத்துக்கும் சொல்வது நல்லது என்கிறார்கள். ஆசிரியராக அதன் பெயரைப் போட முடியாது, பொறுப்பேற்க அதற்கு வழியில்லை என்று கோப் என்ற பதிப்பு நெறிமுறை அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருத்தியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். "குறைந்தது போல் தெரிகிறது" என்று நீங்கள் கவனமாக எழுதியதை அது "கணிசமாகக் குறைந்தது" என்று மாற்றிவைக்கும், வாக்கியம் அழகாகிவிடும், உங்கள் தரவு அதைச் சொல்லாது.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். பேப்பரை அச்செடுத்து, பக்கத்து ஆய்வகத்தில், உங்கள் தலைப்பில் வேலை செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். திருத்தச் சொல்லாதீர்கள். படித்து முடித்ததும் என்ன கண்டுபிடித்திருக்கிறோம் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், எந்த வரியில் நின்று திரும்பப் படித்தார் என்று பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக உடைத்து எழுதுங்கள், இலக்கணம் அதற்கு அடுத்த வேலை.